ஒரே மீசைக் காவல்

எந்தக் காலமோ, முத்தாறு நாட்டை நெடுவேள் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வான், மத்தியானம் வேறொன்று சொல்வான்.

ஒருநாள் தளபதி வில்லவராயர் அவன் காதைக் கடித்தார். "மகாராஜா, அரண்மனைக் காவலில் மலைக்காரன் வாயே திறக்க மாட்டான். கடற்கரைக்காரன் ரகசியத்தையும் கூவித்தான் சொல்வான். துரத்திவிட்டு என் ஊர்ப் பிள்ளைகளை நிறுத்துங்கள். ஒரே உயரம், ஒரே மீசை!"

ராஜா சொக்கிப்போனான். மறுநாளே வாசல் முழுக்க ஒரே மீசை. பழைய காவலர்கள் மூட்டை கட்டினார்கள். அவர்களை வேலைக்கு அழைத்து வந்த அமைச்சர் பூதனாருக்கு மனசு கேட்கவில்லை. நேரே சபைக்குப் போய், அவர்களைத் திரும்ப அழைக்கச் சொன்னார்.

"அவர்களுக்கும் என் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வித்தியாசமே இல்லை என்பீரோ?" என்று தளபதி நக்கலடித்தார்.

"இருக்கிறதே! அதனால்தான் அவர்களும் வேண்டும் என்கிறேன்."

ராஜாவுக்குப் பொறுமை போயிற்று. "நான் மத்தியானம் தூங்கும்போது இந்தக் காவலைத் தாண்டி என் கிரீடத்தை எடுத்து வாரும். முடிந்தால் பழைய காவலர்கள் இருக்கட்டும். இல்லாவிட்டால் நீரும் அவர்களோடு கிளம்பும்!"

தளபதியின் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தெற்கே பல்லி சொன்னால், சற்று நேரம் யாரும் அடியெடுத்து வைக்க மாட்டார்கள். தாலி கட்டப் போன மாப்பிள்ளையே பாதி வழியில் நின்றதை அமைச்சர் அங்கே பார்த்திருக்கிறார்.

மத்தியானம் தெற்குத் தூணுக்குப் பின்னால் நின்று நாக்கைத் தட்டினார்: "இச்... இச்... இச்!"

அவ்வளவுதான், காவல் மொத்தமும் சிலையாயிற்று. அமைச்சர் சாவகாசமாக உள்ளே போய், கிரீடத்தோடு வெளியே வந்தார்.

"அண்ணே, கிரீடம் போகுதே!"

"தெரியுதுடா! காலை எடுக்க முடியுமா? அமைச்சரய்யா, கொஞ்சம் நில்லுங்களேன்!"

ராஜாவின் குறட்டை மட்டும் நிற்கவேயில்லை.

சாயங்காலம் சபையில் கிரீடத்தைக் கண்டதும் தளபதி துள்ளினார். "பல்லி சொன்னால் எவன்தான் நகருவான்?"

அமைச்சர் பழைய காவலர் இருவரை அழைத்து அதையே கேட்டார்.

"எங்க மலையில பல்லி ஓயாம கத்தும். அதுக்கெல்லாம் நின்னா பிழைக்கிறதெப்படி?" என்றான் மலைக்காரன். "யாராவது தும்மினாத்தான் நிப்போம்."

"தும்மலுக்கா! கடல் காத்துல தும்மாதவன் யாருய்யா?" என்று கூவினான் கடற்கரைக்காரன். "நாங்க பூனை குறுக்கே போனாத்தான் நிப்போம்."

"பார்த்தீர்களா மகாராஜா?" என்றார் அமைச்சர். "எல்லாரும் எதற்காவது நிற்கிறவர்கள்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் நிற்காமல் இருந்தால் போதும்."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். மூன்று ஊர்க்காரர்களும் கலந்து நிற்க உத்தரவாயிற்று. தளபதி தலையைத் தொங்கப்போட்டார்.

"உமக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று அமைச்சரைக் கேட்டான் ராஜா.

"நானும் எதற்கோ நிற்பவனாகத்தான் இருப்பேன் மகாராஜா. அது எனக்கே தெரியாது. என்னைப் போல இல்லாத ஒருவரை என் பக்கத்தில் உட்கார வையுங்கள்."

தளபதி வெடுக்கென்று நிமிர்ந்தார். "எனக்குத் தெரியும்! யாராவது புகழ்ந்தால் போதும், இவர் அங்கேயே நின்றுவிடுவார்!"

சபை கொல்லென்று சிரித்தது. முதலில் சிரித்தவர் அமைச்சர்தான்.

"வில்லவராயரே," என்றான் ராஜா, "நாளையிலிருந்து உம் ஆசனம் அமைச்சர் பக்கத்தில்!"