சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான்

பாளையங்கோட்டையில் இணையதளம் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு நாற்பத்தாறு.

குருவின் பெயர் ஆவுடைச்செல்வி. கம்பெனி செய்கிற பக்கங்களை வெளியே விடுமுன் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. பத்துப் பக்கம் கொடுத்தால் ஒன்பதைத் திருப்பி அனுப்புவாள். ஏன் என்று கேட்டால் ஒரு வரிக்கு மேல் வாயைத் திறக்கமாட்டாள். அதனால் குரு என்று கேலியாகப் பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது, கேலி உதிர்ந்துவிட்டது.

சீடர் வைகுண்டம். கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக்கொண்டிருந்தவர், இணையத்துக்கு மாறி மூன்று வருஷம். நிறம் என்றால் உயிரை விடுவார்.

ஒரு நாள் அவர் கேட்டார்: "குருவே, எழுத்துக்கு எந்த நிறம் நல்ல நிறம்?"

ஆவுடைச்செல்வி எழுந்துபோய் ஜன்னல் திரையை ஒதுக்கினாள். பதினோரு மணி வெயில் மேசைமேல் வந்து விழுந்தது. வைகுண்டத்தின் போனை எடுத்தாள். வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறைத்தாள். அவர் அன்று வரைந்து முடித்திருந்த பக்கத்தைத் திறந்து நீட்டினாள்.

"படிங்க அண்ணாச்சி."

வைகுண்டம் போனைச் சாய்த்தார். கையைக் குவித்து நிழல் கட்டினார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். கடைசியில் எழுந்துபோய்த் திரையை இழுத்து மூடினார்.

"இப்பத் தெரியுது."

"நீங்க வெயிலை மூடிட்டீங்க. பஸ் ஸ்டாண்டுல நிக்கவ எதை மூடுவா?"

"வெளிச்சத்தை வேற குறைச்சிட்டீங்களே குருவே, அது நியாயமா?"

"சார்ஜ் நிக்கணும்னு ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் வச்சிருக்காங்க."

வைகுண்டம் சிரித்தார். நிறத்தை மாற்றவில்லை.

அந்தப் பக்கம் ஓர் அறக்கட்டளைக்கு உரியது. நாற்பது பெண்களுக்கு ஒரு வருஷம் இலவசமாகச் செவிலியர் உதவியாளர் பயிற்சி. முடித்தால் அவர்களுடைய ஆஸ்பத்திரியிலேயே வேலை. வயது மட்டும் முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. விவரங்களை நிரப்பினால் பெரிய பச்சை டிக் வரும், "விவரங்கள் சேமிக்கப்பட்டன" என்று. அதற்குக் கீழே, வைகுண்டம் மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்த ஒரு மெல்லிய சாம்பல் நிறத்தில் ஒரு வரி: "உறுதி செய்தால் மட்டுமே விண்ணப்பம் ஏற்கப்படும்." அதன் கீழே அதே சாம்பலில் ஒரு பொத்தான்.

ஆவுடைச்செல்வி பக்கத்தைத் திருப்பி அனுப்பினாள். காரணம் என்ற இடத்தில் "பொத்தானைக் காணோம்" என்று எழுதியிருந்தாள்.

முதலாளி ஜெயசிங் தன் அறைக்குள் அந்த வரியைப் படித்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தார். அவருடைய அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை உண்டு. அதில் சாம்பல் நிறம் மார்கழிப் பனி மாதிரி அழகாகத் தெரிந்தது.

"காணோமாம்லா! எனக்கு இங்க இருந்து தெரியுது. அண்ணாச்சி, கிளாஸுன்னா இதுதான் கிளாஸு. கறுப்புல அடிச்சா ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கும்."

"எழுத்துக்கும் பின்னணிக்கும் நாலரை மடங்காவது வித்தியாசம் வேணுமாம் சார். நம்மளது ரெண்டுகூட இல்லைன்னு குரு சொல்லுது."

"அது வெளிநாட்டுக்காரன் கணக்கு. அவனுக்குக் கண்ணு வீக்கு. குரு நாளைக்கும் மறுநாளும் லீவுதானே? தங்கச்சி நிச்சயதார்த்தம்னு சொல்லிச்சே. நாளைக்கே ஏத்திருங்க."

மறுநாள் வைகுண்டம் பக்கத்தை ஏற்றினார். அவர் விரல்தான் அழுத்தியது.

குரு திரும்பி வந்து பார்த்தாள். தன் ஆட்சேபணையை மறுபடி எழுதி அனுப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

விண்ணப்பக் காலம் முடிந்த நான்காம் நாள், கம்பெனி வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுகிறவள், பெயர் முப்புடாதி. பக்கத்தின் அடியில் இருந்த கம்பெனி பெயரை யாரோ வாசித்துச் சொல்லி, விசாரித்து வந்திருந்தாள்.

"என் பேரு பட்டியல்லயே இல்லைங்காவ. நான் முடிச்சிட்டேம்யா. பச்சையா டிக் வந்துச்சு, நான் பாத்தேன். சாமி மேல சத்தியமாப் பாத்தேன்."

"கீழ இன்னொரு பொத்தான் இருந்துச்சேம்மா. அதை அழுத்தலியா?" என்றார் வைகுண்டம்.

"எந்தப் பொத்தான்?"

"சாம்பல் கலர்ல."

"அப்படி ஒண்ணும் இல்லையே."

"இருந்துச்சும்மா."

"நான் என்ன குருடியா?"

ஆவுடைச்செல்வி எழுந்து வந்தாள். "எங்க வச்சு நிரப்புனீங்கக்கா?"

"மார்க்கெட்டுக்குப் பக்கத்துல, சிலுவை கடையில."

மூவரும் போனார்கள். சிலுவை நடத்துவது ஒரு பிரவுசிங் சென்டர். அந்த வட்டாரத்தில் வேலைக்கு, சான்றிதழுக்கு, கரண்டு பில்லுக்கு என்று எல்லோருக்கும் நிரப்பிக் கொடுப்பவர் அவர்தான். கடைக்குக் கதவு கிடையாது. ரோட்டு வெயில் நேராகத் திரையில் அடிக்கும். அதைச் சமாளிக்க வெளிச்சத்தைக் கடைசி வரை ஏற்றி வைத்திருந்தார். வெள்ளையாக இருப்பது எல்லாம் அங்கே இன்னும் வெள்ளையாக இருந்தது.

ஆவுடைச்செல்வி சோதனைக்கென்று வைத்திருந்த பிரதியில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பினாள். பச்சை டிக் வந்தது. அதற்குக் கீழே சுண்ணாம்பு அடித்த சுவர்.

"பாத்தியளா?" என்றார் சிலுவை. "பத்து வருஷமா இந்தச் சீட்டுல உக்காந்துருக்கேன். பொத்தான் இருந்தா நான் அழுத்தாம இருப்பனா? மொத்தம் முப்பது பொம்பளையளுக்கு நிரப்பிக் குடுத்துருக்கேன். ஒருத்தி பேருகூட வரலை. எல்லாரும் என்னை வந்து ஏசிட்டுப் போறாவ."

வைகுண்டம் குனிந்தார். இன்னும் குனிந்தார். பழைய திரை அல்லவா, அதற்கு ஒரு குணம்: முழங்கால் மட்டத்துக்கு இறங்கி அண்ணாந்து பார்த்தால் வெளிறிய நிறங்கள் கறுக்கும். அவர் தரையில் மண்டியிட்டதும் வரி தெரிந்தது. பொத்தானும் தெரிந்தது. அவர் தேடிக் கண்டுபிடித்த அதே சாம்பல்.

"இங்க இருக்கு," என்றார்.

முப்புடாதி சேலையை ஒதுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். "உறுதி... செய்தால்... மட்டுமே..." முழுதும் வாசித்து முடித்தாள்.

"இப்படி இருந்து பாக்கணும்னு எனக்குத் தெரியலையேய்யா," என்றாள். "அடுத்த மாசம் எனக்கு முப்பத்தாறு."

அந்த வாரமே அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. நூற்றாறு பேர் விவரம் கொடுத்துவிட்டு உறுதி செய்யாமல் போயிருக்கிறார்கள். குறை பக்கத்தில்தான் என்று வடிவமைத்தவர் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கு மட்டும் ஒரு வாரம் கூடுதலாகத் தரப்படும். இல்லையென்றால் பட்டியல் பட்டியல்தான்.

ஜெயசிங் பதிலைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். 'பக்கத்தில் குறை ஏதும் இல்லை. விண்ணப்பதாரர்கள் அறிவிப்பைக் கவனமாகப் படிக்கவில்லை.'

"அண்ணாச்சி, யோசிச்சுப் பாருங்க. தப்பு நம்மளதுன்னு எழுதுனா நாளைக்கு எவன் நமக்கு வேலை தருவான்? இங்க பன்னெண்டு பேரு சோறு திங்கோம். உங்களையும் சேத்துத்தான் சொல்லுதேன். நான் மிரட்டலை. சும்மா சொல்லுதேன்."

வைகுண்டம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு குருவிடம் வந்தார்.

"என்ன செய்ய, குருவே?"

"நான் எழுதுனதுக்கு அங்க மதிப்பு இல்ல அண்ணாச்சி. வரைஞ்சவர் கையெழுத்துத்தான் கேட்டிருக்காங்க."

"தெரியும். அதான் கேக்கேன்."

ஆவுடைச்செல்வி தாளை வாங்கவில்லை. அவர் கையில் இருக்கும்போதே எட்டிப் பார்த்தாள்.

"எந்த நிறத்துல அடிச்சிருக்காரு?"

"கறுப்புல."

"நல்லாப் படிக்க முடியுதா?"

"முடியுது."

அவள் தன் திரைக்குத் திரும்பிக்கொண்டாள்.

வைகுண்டம் கீழே இறங்கிப் போய் ஒரு டீ குடித்தார். பிறகு இன்னொரு டீ குடித்தார். மேலே வந்து ஜெயசிங்கின் தாளிலேயே கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் மூன்று நாள் அவருக்கு வேறு வேலை இல்லை. சாப்பாட்டு வேளையிலும் திரை முன்னாலேயே இருந்தார். அறக்கட்டளைப் பக்கத்தில் இருந்த சாம்பலை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக் கறுப்பாக்கினார். எழுத்தைப் பெரிதாக்கினார், தடிப்பாக்கினார். சிலுவை கடைக்குத் தனியாகப் போய் அந்தத் திரையில் பார்த்தார். சிலுவை அவருக்கு முகம் கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் உச்சி வெயிலில் நின்று பார்த்தார். பக்கத்தில் நின்றவரிடம் கீறல் விழுந்த போனை இரவல் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். ஜெயசிங்கிடம் கேட்காமலே ஏற்றினார்.

நான்காம் நாள் மத்தியானம் குருவை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் வெயில்ல வந்து பாருங்க குருவே. வெளிச்சத்தைக் கால்வாசிதான் வச்சிருக்கேன்."

ஆவுடைச்செல்வி போனை வாங்கிக் கையை முழுக்க நீட்டிப் பிடித்தாள். விண்ணப்பக் காலம் முடிந்துவிட்டதால் படிவம் இருந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு வரி இருந்தது.

"தெரியுதா?" என்றார் வைகுண்டம். சின்னப் பிள்ளை பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி நின்றார்.

அவள் உரக்கப் படித்தாள். "விண்ணப்பங்கள் ஏற்பது நிறைவடைந்தது."

"வெயில்லயும் தெரியுதுல்லா?"

"நல்லாத் தெரியுது, அண்ணாச்சி." போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். "முப்புடாதி அக்காவுக்கு அனுப்பி விடுங்க. உக்காந்தபடியே படிச்சிருவாங்க."