பொய்க்கால் குதிரைக்கு ஃப்ரில் தைச்ச தையல்நாயகி

விளக்க அணைச்சாச்சு. காலை நீட்டிப் படு மயிலு. அத்தை சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும், சரியா?

"ம்."

ஒரே ஒரு ஊர்ல, ஒரே ஒரு தெருவுல, ஒரே ஒரு தையல் மிஷின் இருந்துச்சாம். ஊரு பேரு மணற்குடி, தஞ்சாவூர்ப் பக்கம். மிஷினுக்குச் சொந்தக்காரி பேரு தையல்நாயகி.

நிஜப் பேரே அதான்டி. அவ அம்மா சாமி பேரு வெச்சா. ஊர்ல எல்லாரும் "பேர்லயே தையல் இருக்கே, உனக்கென்ன, எல்லாம் தெரியும்"னு சொல்லிச் சொல்லி, அவளும் அதை நம்பிட்டா. ரவிக்கை தைப்பா, பாவாடை தைப்பா, தலகாணி உறை தைப்பா. யாரு என்ன கேட்டாலும், "ஓ, தெரியுமே!" "தெரியாது"ங்கிற வார்த்தை மட்டும் அவ வாய்க்குள்ள வந்ததே இல்ல.

"ம்."

அவ மிஷின் ரொம்பப் பழசு. கறுப்பு உடம்பு, தங்கக் கலர்ல பூ போட்டிருக்கும். கீழ ரெண்டு காலையும் வெச்சு மிதிச்சா கடகட கடகடன்னு ஓடும். ஒரு பள்ளிக்கூடத்துல பழைய சாமானெல்லாம் ஏலம் விட்டப்போ எடுத்துட்டு வந்தா. அதோட ஒரு தகர டப்பாவும் வந்துச்சு. குலுக்கினா கிலுகிலு கிலுகிலுங்கும். உள்ள என்ன தெரியுமா? கால்!

"காலா?"

மிஷினோட கால்டி. ஊசி இறங்குற எடத்துல, துணி நகராம அமுக்கிப் பிடிக்க ஒரு குட்டி இரும்புக் கால் இருக்கும்ல? அதைத் திருகாணி கழட்டி மாத்தலாம். ஒவ்வொரு வேலைக்கு ஒவ்வொரு கால். அந்த டப்பாவுல விதவிதமாக் கெடந்துச்சு. ஒண்ணு நத்தை மாதிரி சுருண்டிருக்கும். ஒண்ணுக்குப் புனல் மாதிரி மூக்கு. ஒண்ணு பெருசா, கையும் பல்லுமா, வெட்டுக்கிளி மாதிரியே இருக்கும். எது எதுக்குன்னு தையல்நாயகிக்குத் தெரியாது. ஆனா வர்றவங்க கிட்டல்லாம் டப்பாவக் குலுக்கிக் காட்டி, "இதுல இல்லாத வித்தையே இல்ல"ன்னுவா.

அப்போ அதே தெருவுல காத்தமுத்துன்னு ஒருத்தர், அவர் பொண்டாட்டி செண்பகவல்லி. ரெண்டு பேரும் பொய்க்கால் குதிரை ஆடுறவங்க. கட்டைக்கால் கட்டிக்கிட்டு, இடுப்பைச் சுத்தி மூங்கில் குதிரையை மாட்டிக்கிட்டு, அவரு ராஜா, அவ ராணி. டண்டணக்க டண்டணக்கன்னு மேளம் அடிச்சா, குதிரை பறக்கிற மாதிரியே இருக்கும்.

குதிரையச் சுத்திக் கீழ வரைக்கும் துணி தொங்கும். அந்தத் துணியில சுருக்கம் சுருக்கமா ஃப்ரில் வெச்சிருந்தாத்தான் ஆடும்போது அலை அலையா அடிக்கும், கட்டைக்கால் வெளிய தெரியாது.

பக்கத்து ஊர்ல மாரியம்மன் திருவிழா. போன வருஷம் செண்பகவல்லி காலு சுளுக்கி, ஆட்டத்துக்குப் போக முடியல. கோயில் தலைவர் தியாகராசன் கறாரான ஆளு. "இந்த வருஷமும் குதிரை வரலன்னா, இனிமே எப்பவும் பாட்டுக் கச்சேரிதான். குதிரையே வேணாம்"னு சொல்லிட்டாரு. அவங்களுக்கு வேற தொழில் தெரியாதுடி. ரெண்டு பேரும் மூணு மாசம் காலைல எந்திரிச்சு ஆடிப் பழகினாங்க.

திருவிழா அன்னிக்குக் காலைல என்னாச்சு? வெளிய காயப் போட்ட குதிரைத் துணிய எதிர்வீட்டு ஆடு மென்னு தின்னுடுச்சு! கரக் முரக், கரக் முரக். ரெண்டு குதிரைத் துணியும் போச்சு. கயிறு மட்டும்தான் மிச்சம்.

"அச்சச்சோ."

செண்பகவல்லி ஓடி வந்தா. கையில செவப்பு சாட்டின் துணி. "தங்கச்சி, நாலு மணிக்கு வேன் வந்துடும். துணி நான் தைச்சுடுவேன். ஃப்ரில்தான்... கையால சுருக்கினா நாலு நாள் ஆகும். உன் டப்பாவுல அதுக்குக் கால் இருக்கா?"

தையல்நாயகி என்ன சொல்லிருப்பா?

"ஓ, தெரியுமே!"

ஆங், அதான் சொன்னா. "இருக்கே! வெச்சுட்டுப் போங்கக்கா!"

செண்பகவல்லி போகல. அங்கேயே உக்காந்து துணிய நீளப் பட்டையா வெட்டிக் குடுத்துட்டு, குதிரைத் துணியக் கையால தைக்க ஆரம்பிச்சா. ஒரு குதிரைக்குப் பன்னெண்டு கஜம், இன்னொண்ணுக்குப் பன்னெண்டு கஜம்.

அப்புறம் தையல்நாயகி டப்பாவக் கவுத்தா. கிலுங்! மொதல்ல நத்தைக் காலை எடுத்தா. "சுருண்டிருக்குல்ல, இதான் சுருக்குற கால்"னு மாட்டினா. மிதிச்சா. கடகட கடகட! துணியோட ஓரம் நத்தை வயித்துக்குள்ள போயி, சுருண்டு சுருண்டு வெளிய வந்துச்சு. "பாத்தீங்களாக்கா, சுருளுது!" ரெண்டு பட்டையும் தைச்சு முடிச்சு விரிச்சுப் பாத்தா... ஓரம் மட்டும் அழகா, மெலிசா மடிஞ்சிருக்கு. துணி எப்பவும் போலத் தட்டையாவே கெடக்கு. அது ஓரம் மடிக்கிற காலுடி!

"தங்கச்சி, ஃப்ரில்லு?"ன்னா செண்பகவல்லி.

"ஓரம் மடிக்காம ஃப்ரில் வைக்கக் கூடாதுக்கா. அதான் மொற"ன்னு சமாளிச்சா. மணி பதினொண்ணு.

"ம்."

அப்புறம் ரெண்டாவது, மூக்குக் காலு. புனல் மாதிரி இருக்குல்ல, அதுக்குள்ள துணியத் திணிச்சா கசங்கிச் சுருங்கி வரும்னு அவ நெனப்பு. மாட்டினா, மிதிச்சா. கடகட கடகட! நல்லாத்தான் போச்சு. திடீர்னு தோள்ல யாரோ இழுக்குறாங்க. திரும்பினா யாருமில்ல. இன்னும் மிதிச்சா. இன்னும் இழுக்குது! "அக்கா, சும்மா இருங்கக்கா"ன்னா. "நான் எங்கடி இழுத்தேன்?"ன்னா செண்பகவல்லி.

குனிஞ்சு பாத்தா, அவ பச்சைப் புடவை முந்தானை புனலுக்குள்ள போயிக்கிட்டு இருக்கு! துணி ஓரத்துக்கு ஒறை போடுற காலு அது. குதிரைப் பட்டையோட ஓரத்துக்கு அவ முந்தானையவே ஒறையாப் போட்டுத் தைச்சுடுச்சு. அவ மூக்கும் மிஷின் மூக்கும் இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போயிட்டா.

அந்த நேரம் பாத்துக் காத்தமுத்து உள்ள வந்தாரு. மிஷினைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருக்குறவளப் பாத்து, "என்னம்மா, மிஷினுக்கு ரகசியம் சொல்றியா?"ன்னாரு.

"அளவு பாக்குறேண்ணே!"ன்னா.

கத்திரிய எடுத்துக் கரக்குன்னு முந்தானைய வெட்டித்தான் அவள விடுவிச்சாங்க. ஒரு மொழம் போச்சு. பட்டைய மட்டும் சேதமில்லாமப் பிரிச்சு எடுத்துட்டாங்க. மணி ஒண்ணு.

சிரிச்சது போதும்டி, முழிச்சுக்காத. படு.

அப்புறம் மூணாவது, வெட்டுக்கிளிக் காலு. எடுத்தா கனமா இருக்கு. மாட்டினா. அவசரத்துல வேகமா ஒரு மிதி. டடக்! ஊசி உடைஞ்சு எங்கயோ பறந்துடுச்சு. டப்பாவுல இன்னொரு ஊசிதான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு.

தையல்நாயகி ஊசிய மாத்திட்டு, இந்தத் தடவை மிதிக்காம, சக்கரத்தைக் கையால மெதுவா உருட்டினா. ஊசி ஓட்டைக்கு நேரா எறங்குற மாதிரி வெட்டுக்கிளியக் கொஞ்சம் நகத்தி, திருகாணிய முறுக்கினா. ஊசி இடிக்கல. ஆனா துணி சுருங்கவும் இல்ல. சும்மா நேராப் போகுது.

அப்போ செண்பகவல்லி உத்துப் பாத்தா. "தங்கச்சி, இந்த வெட்டுக்கிளிக்கு ஒரு கை சும்மா ஆடுது பாரு. நாங்க கட்டைக்கால் கட்டும்போது ஒரு கயிறு சும்மா தொங்குனா, எதையோ கட்ட மறந்துட்டோம்னு அர்த்தம். இந்தக் கையி எதையாவது பிடிக்கணும்ல?"

கையோட நுனி கவட்டை மாதிரி பிளந்திருந்துச்சு. பக்கத்துலயே ஊசிய இறுக்குற திருகாணி நீட்டிக்கிட்டு இருந்துச்சு. கவட்டைய அதுல மாட்டினா. சக்கரத்த உருட்டினா. ஊசி மேல போச்சு, கையும் மேல போச்சு. ஊசி கீழ வந்துச்சு, கையும் கீழ வந்துச்சு, வெட்டுக்கிளியோட பல்லு முன்னால வந்து துணிய லபக்குன்னு கடிச்சு உள்ள தள்ளுச்சு. ஒரு மடிப்பு! லபக், ஒரு மடிப்பு! லபக், ஒரு மடிப்பு!

"விழுந்துடுச்சு! சுருக்கம் விழுந்துடுச்சு!"ன்னு ரெண்டு பேரும் கத்தினாங்க.

"வெட்டுக்கிளி கடிக்குமா அத்தை?"

துணிய மட்டும்தான்டா கடிக்கும்.

அந்தக் கால்ல நம்பர் வேற போட்டிருந்துச்சு. ஒண்ணு, ஆறு, பன்னெண்டு. காத்தமுத்து கேட்டாரு, "எதுலம்மா வெச்சிருக்க?"

"ஒண்ணுலண்ணே. ஒண்ணுன்னா கொஞ்சமாச் சுருங்கும், பன்னெண்டுன்னா ரொம்பச் சுருங்கும். நமக்குக் கொஞ்சம் போதும்"னு சொல்லிட்டு மிதிச்சா பாரு! கடக்லபக் கடக்லபக் கடக்லபக்! துணி பின்னால கூடைக்குள்ள விழுது. இவ திரும்பியே பாக்கல. பன்னெண்டு கஜமும் முடிச்சுட்டு, பெருமையா கூடையிலேர்ந்து இழுத்தா...

ரெண்டு கஜம்!

பன்னெண்டு கஜம் ரெண்டு கஜமா ஆயிடுச்சு. மடிப்பு மேல மடிப்பு, மடிப்பு மேல மடிப்பு, கெட்டியா, சேவல் கொண்டை மாதிரி நட்டுக்கிட்டு நிக்குது. ஒரு குதிரையச் சுத்தவே மூணு கஜம் வேணும். இது ஒரு குதிரைக்கே பத்தாது. பிரிக்கலாம்னு பாத்தா அத்தனை தையலு, பொழுது விடிஞ்சுடும். மணி ரெண்டு.

செண்பகவல்லி கண்ணுல தண்ணி. தையல்நாயகி அந்தத் துணிய மடியில வெச்சு ஒவ்வொரு மடிப்பாத் தடவிப் பாத்தா. அப்புறம் சொன்னா.

"எனக்குத் தெரியாதுக்கா. இந்தக் கால் எதுவுமே எனக்குத் தெரியாது. தெரியும்னு சும்மா சொன்னேன். உங்க ஆட்டத்தக் கெடுத்துட்டேன்."

சொல்லிட்டு அழுதுட்டா.

"பாவம்."

ம், பாவம்தான். அவளே திடுக்கிட்டுப் போயிட்டா, வாயிலேர்ந்து அந்த வார்த்தை வந்ததுக்கு. காத்தமுத்து கோவிப்பாருன்னு நெனச்சா. அவரு எந்திரிச்சு, அந்தச் சேவல் கொண்டையத் தூக்கிட்டு வெளிய போனாரு. கொஞ்ச நேரத்துல, "செண்பகம்! இங்க வா!"ன்னு ஒரு சத்தம்.

ஓடிப் போய்ப் பாத்தா, ராஜா குதிரையோட கழுத்துல அத நட்டுக்க வெச்சுப் பிடிச்சிருக்காரு. மயிலு, நிஜக் குதிரைப் பிடரி மாதிரியே சிலுத்துக்கிட்டு நிக்குதுடி! அவங்க குதிரைக்கு அதுவரைக்கும் பிடரின்னா கறுப்புப் பெயிண்ட்தான்.

"ரெண்டு கஜம். ஆளுக்கு ஒரு கஜம் பிடரி. சரியா இருக்கு!"ன்னா செண்பகவல்லி, கண்ணத் தொடச்சுக்கிட்டே.

"ஃப்ரில்லுக்கு?"ன்னா தையல்நாயகி.

"இன்னொரு பட்டை இருக்குல்ல. வா, மூணு பேரும் சேந்து பாப்போம்"னா செண்பகவல்லி.

இப்போ யாரும் அவசரப்படல. வெட்டுன முந்தானைத் துண்டை வெச்சு மொதல்ல சோதிச்சாங்க. பன்னெண்டுல வெச்சா, ரொம்பத் தள்ளித் தள்ளி ஒவ்வொரு மடிப்பு. தையல்நாயகி எண்ணினா. ஒண்ணு, ரெண்டு, மூணு... பன்னெண்டு தையலுக்கு ஒரு மடிப்பு! "அப்போ ஒண்ணுன்னா தையலுக்குத் தையல் மடிப்பு! ஐயோ, நான் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டேனே!" ஆறுல வெச்சா. அளவா, அழகா, அலை அலையா வந்துச்சு. பன்னெண்டு கஜம் ஆறு கஜமாச்சு. ராஜா குதிரைக்கு மூணு, ராணி குதிரைக்கு மூணு.

நாலு மணிக்கு பாம் பாம்னு வேன் வந்தப்போ, காத்தமுத்து கடைசி நூலப் பல்லால கடிச்சுக்கிட்டு இருந்தாரு. தையல்நாயகியும் மொழம் கொறஞ்ச புடவையோட வேன்ல ஏறிட்டா.

"ம்..."

அப்புறம் திருவிழா. டண்டணக்க டண்டணக்க! செவப்புப் பிடரி சிலுத்துக்கிட்டு, ஃப்ரில்லு அலையடிக்க, ரெண்டு குதிரையும் வந்துச்சு பாரு, கூட்டமே ஆன்னு வாயப் பொளந்துச்சு. அப்போ கோயில் தலைவர் தியாகராசன் குதிரை வண்டியில வந்து எறங்கப் போறாரு. ஒரு காலை எடுத்துப் படியில வெச்சாரு. அந்த வண்டிக் குதிரை ராணி குதிரையப் பாத்துடுச்சு.

ஹீஹிஹிஹீ!

அவ்ளோதான். தலைவர் வண்டிக்குள்ள திரும்ப விழுந்தாரு. வண்டிக் குதிரை டொக்கு டொக்குன்னு ராணி குதிரை பின்னாலயே கெளம்பிடுச்சு. ராணி எடது பக்கம் ஆடினா அதுவும் எடது பக்கம். ராணி வலது பக்கம் ஆடினா அதுவும் வலது பக்கம். "நிறுத்துடா! நிறுத்துடா!"ன்னு தலைவர் கத்துறாரு. மேளக்காரரு "நிமித்துடா"ன்னு காதுல வாங்கிக்கிட்டு இன்னும் வேகமா நிமித்தி அடிக்கிறாரு! காத்தமுத்து விடுவாரா? அட்டைக் கத்திய உருவி, "என் ராணியப் பின்தொடரும் நீ யார்?"னு வண்டிக் குதிரை கிட்ட வசனம் பேசுறாரு. ஹீஹிஹின்னு அது பதில் சொல்லுது! கோயிலச் சுத்தி மூணு சுத்து. கூட்டம் சிரிச்சுச் சிரிச்சு உக்காந்துடுச்சு.

மேளம் நின்னப்புறம்தான் குதிரை நின்னுச்சு. தலைவர் எறங்கினாரு. துண்டு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். செண்பகவல்லி கட்டைக்கால்லயே ரெண்டு அடி பின்னால போனா. தையல்நாயகி கூட்டத்துல யாரோட முதுகுக்குப் பின்னாலயோ ஒளிஞ்சுக்கிட்டா.

தலைவர் மூச்சு வாங்கிக்கிட்டே மைக்கைப் பிடிச்சாரு.

"அடுத்த வருஷமும் இதே குதிரைதான். ஆனா, நான் நடந்தே வந்துடுறேன்."

...

மயிலு? "ம்" சொல்லு.

"வண்டிக் குதிரை... வீட்டுக்குப் போச்சா?"

போச்சுடா. புல்லு தின்னுட்டு, நின்னுக்கிட்டே தூங்கிடுச்சு. கதையும் தைச்சு முடிஞ்சுது, நூலும் கடிச்சாச்சு. நீ படுத்துக்கிட்டே தூங்கு.