பத்தாவது கேள்வி

"எனக்குக் காதுல ஒரு கோளாறும் இல்ல சார். அந்த வெள்ளைக்காரனுவளுக்குத்தான் வாயில கோளாறு" என்றாள் பொன்சீலி.

மூன்றாவது தடவையும் தோற்றுவிட்டு வந்த வாய். வேறென்ன பேசும்?

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் பதினெட்டு வருஷமாக நர்ஸ். லண்டன் வேலைக்கு எல்லாக் காகிதமும் தயார். ஆங்கிலப் பரீட்சை ஒன்றுதான் குறுக்கே கிடந்தது. அதிலும் வாசிக்க, எழுத, பேச மூன்றிலும் கரையேறிவிட்டாள். கேட்டு எழுதுவதில்தான் கவிழ்ந்தாள். ஏழு வேண்டும். மூன்று தடவையும் ஐந்தரை.

ரெஜிஸ் சாருக்கு அவளைவிட எட்டு வயது குறைவு. பத்து வருஷம் சென்னையில் ஒரு கால் சென்டரில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் வசவையெல்லாம் காதில் வாங்கிச் சம்பாதித்தவர். இப்போது பஞ்சர் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்து நர்ஸுகளுக்குப் பாடம் எடுக்கிறார். ஜன்னலைச் சாத்த மாட்டார். கீழே டயர் சத்தம் என்று யாராவது முனகினால், "பரீட்சையன்னைக்கு மழை பெய்யாதா?" என்பார்.

இன்னொன்றும் சொல்வார். "ஒலி ஒரு தடவைதான் வரும். ஒரு பதிலை விட்டுட்டா விட்டதுதான். அதைத் துரத்தினா வர்றதும் போயிடும்."

அவ்வளவுதான் அவருடைய உபதேசம் மொத்தமும்.

"வீட்டுல எப்படிப் படிக்கிறீங்க சிஸ்டர்?" என்று கேட்டார்.

"ஒரு ரெக்கார்டிங்கப் பத்து தடவ கேக்கேன் சார். வேகத்தக் குறைச்சு வெச்சு, பையப் பைய."

அப்போது அவள் போன் சிணுங்கியது. வாட்ஸப்பில் யாரோ பேசி அனுப்பியிருந்தார்கள். பொன்சீலி போட்டாள். கீச் கீச்சென்று எலிக்குஞ்சு கத்துவது மாதிரி ஒரு குரல் ஓடி முடிந்தது. அவள் ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள்.

"இது என்ன பாஷை?" என்றார் ரெஜிஸ் சார்.

"தமிழ்தான் சார். எங்க வார்டுப் பிள்ள. ரெட்டை வேகத்துல போட்டா சட்டுனு முடியும்."

"என்ன சொன்னாங்க?"

"டூட்டி மாத்தணுமாம்."

"எந்த நாள்?"

பொன்சீலி மறுபடியும் பையைத் திறந்தாள்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றார் அவர். "எல்லாரையும் இந்த வேகத்துலதான் கேப்பீங்களா?"

"பின்ன? ஒவ்வொருத்தரும் ராமாயணம் பாடினா, உக்காந்து கேக்க நேரம் வேண்டாமா சார்?"

அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்.

"உங்க போன்ல இருக்கிறதுலயே நீளமா யாரோ பேசினது ஒண்ணு குடுங்க. இன்னைக்கு இங்கிலீஷ் வேண்டாம். தமிழ்ல பரீட்சை."

பொன்சீலிக்குச் சிரிப்பு வந்தது. தமிழிலா? முழு மார்க் வாங்கிக் காட்டுகிறேன் பார் என்று விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"நீளம்னா எங்க அக்காதான் சார். மலர் அக்கா. இப்ப இல்ல."

"வேற யாராவது?"

"இல்ல, இருக்கட்டும். நாலரை நிமிஷம் பேசியிருக்கா. என்னத்தப் பேசியிருப்பா? மீனும் மழையுந்தான்."

சொல்லும்போதே அவள் மூக்கு விடைத்தது. அக்கா செத்து ஐந்து மாசம் ஆகியும் கோபம் ஆறவில்லை. கூடப்பிறந்தவள் ஒருத்தி நர்ஸாக இருக்கிறாளே, அவளிடம் ஒரு வார்த்தை சொன்னாளா? மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் மூடி மறைத்து, முற்றிப்போய் நினைவும் தப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு இறக்கினார்கள். பிப்ரவரியில் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் ஊர் கூடி நிற்க, பொன்சீலி அத்தானின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ரெண்டு பேரும் சேந்து எங்கிட்ட மறைச்சிட்டீங்களே, பாவி! நீங்கதான் அவளக் கொன்னீங்க!"

அத்தான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அவள் அன்றைக்கு நினைத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. அக்காவின் குரலையும் தொடவில்லை.

ரெஜிஸ் சார் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். கேட்டபடியே ஒவ்வொரு கேள்வியாக எழுதினார். ஓரிடத்தில் பென்சில் நின்றது. கேட்டு முடித்து இயர்போனைக் கழற்றினார்.

"சிஸ்டர், வேற ஒண்ணு எடுக்கட்டுமா?"

"ஏன் சார், மீன் நாத்தம் அடிக்குதா?"

அவர் பத்துக் கேள்விகளையும் எழுதி முடித்துத் தாளை நீட்டினார்.

பொன்சீலி பழகிய வழக்கப்படி கேள்விகளை முதலிலேயே ஓட்டிப் பார்த்தாள். என்ன மீன்? பூனை எத்தனை குட்டி போட்டது? மழையில் எது இடிந்தது? எல்லாம் சின்னப்பிள்ளைக் கேள்விகள். ஏழாவது: எந்தப் பக்கம்? இதுவும் மழையில் இடிந்ததைப் பற்றித்தான் இருக்கும். வடக்கு என்று மனசுக்குள் எழுதியே வைத்துவிட்டாள்.

அவர் வேகத்தைச் சாதாரணத்துக்கு மாற்றிப் போட்டார்.

"மக்ளே சீலி, நாந்தான். சாளை கழுவிட்டு இருக்கேன், கேட்டியா…"

 அக்கா இவ்வளவு நிதானமாகவா பேசுவாள்? நடு நடுவே மூச்சு வாங்குகிறாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் இடையில் சிரிக்கிறாள். இந்தக் குரலே அவளுக்கு மறந்து போயிருந்தது.

எழுதினாள். சாளை. மூன்று குட்டி. மேற்கு மதில். மேற்கா? சரி. வியாழக்கிழமை. நிச்சயதார்த்தம். வருக்கைச் சக்கைப் பழம். ஆறு முடிந்தது.

"பின்ன மக்ளே, ஒரு காரியம் கேட்டியா. எடது மாருல, கீழாக்குல, ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுகு. நெல்லிக்கா அளவு இருக்கும். நோவொண்ணும் இல்ல. நீ நர்ஸுல்லா, அதான் ஒங்கிட்ட சொல்லுகேன்…"

பேனா நின்றது.

குரல் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஒரு டப்பாவைப் பற்றிப் பேசியது, ஏதோ ஒரு பஸ்ஸைப் பற்றிப் பேசியது, ஏதோ கேட்டது, சிரித்தது, முடிந்தது. கீழே யாரோ டயரைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மட்டும்தான் பொன்சீலியின் காதில் விழுந்தது.

ரெஜிஸ் சார் தாளை வாங்கிப் பார்த்தார். ஆறு பதில் இருந்தது. ஏழிலிருந்து பத்து வரை வெறும் கோடு.

விட்டதைத் துரத்தாதே என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை.

"எப்ப வந்தது சார் இது?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவர் போனை அவள் பக்கம் திருப்பினார். போன வருஷம் ஜூன் பதினேழு. முதல் பரீட்சைக்கு அவள் விழுந்து விழுந்து படித்த மாசம். அக்காவின் நாலரை நிமிஷத்துக்குக் கீழே, அவள் அனுப்பிய பதிலும் இருந்தது. மஞ்சளாக ஒரு கட்டைவிரல்.

"பத்தாவது என்ன சார்? கடைசியா ஏதோ கேட்டாளே, என்ன கேட்டா?"

"அது உங்ககிட்ட கேட்டது சிஸ்டர்" என்றார் ரெஜிஸ் சார். "நான் எப்படி எழுதித் தர்றது?"

*

குலசேகரம் பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம். வழி முழுக்கப் போன் கையிலேயே இருந்தது. விரலை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். அதற்கு அவளுக்குத் தெம்பில்லை.

அத்தான் வீட்டு முற்றத்தில் ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துத் துடைத்துப் போட்டார். ஐந்து மாசமாக ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

அவள் உட்காரவில்லை.

"அக்கா எங்கிட்ட சொல்லியிருக்கா அத்தான்."

"ஆமா."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"அவ கையெல்லாம் மீன் செதில். போனை நாந்தான் புடிச்சிட்டு நின்னேன்."

பொன்சீலி கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியில என்ன கேட்டா?"

அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ கேக்கலியா?"

"இல்ல அத்தான். நான் கேக்கல."

அவர் அடுத்த ஷீட்டை எடுத்து உதறினார். அதைக் கொடியில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"'இத சும்மா விட்டாப் போதும்லா மக்ளே, ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகாண்டாம்லா'ன்னு கேட்டா."

ஆண்டவரே, என்றாள் பொன்சீலி.

"ஒன் வெரல் உடனே வந்துச்சு. பாத்துட்டு அப்பிடி ஒரு சிரிப்பு. 'சீலியே சொல்லிட்டா, இனி எனக்கென்ன பயம்'னா. அன்னைக்குச் சாளைய அவிச்சு, மரச்சீனிக் கிழங்கும் வெச்சு, ரெண்டு பேரும் வயிறு நெறைய தின்னோம்."

பொன்சீலி முற்றத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். அவர் அப்படியே நின்றார், அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் நின்ற மாதிரியே, மண்ணைப் பார்த்துக்கொண்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அத்தன பேருக்கு முன்னால ஒங்களப் பாவின்னேனே. கொன்னுட்டீங்கன்னேனே. அப்பவாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அத்தான்?"

அத்தான் அந்த ஷீட்டைக் கொடியில் போட்டு, சுருக்கம் போக இழுத்துவிட்டார்.

"நீ அழுதுட்டுல்லா சொல்லிட்டு இருந்த" என்றார். "நடுவுல எப்பிடிப் பேச?"