புகைக்கு ஒரு டம்ளர் பால்

லாரி ஓட்டிச் சலித்து, நாற்பத்தெட்டு வயதில் வெல்டிங் கற்க வந்தவர் கொம்பையா. கற்றுக் கொடுத்தவள் ஜெபக்கனி. வயதில் அவருக்கு ரொம்பவும் இளையவள். அவர் 'மேஸ்திரி' என்பார். அவள் 'அண்ணே' என்பாள், வையும்போதும் அண்ணேதான்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் அடிக்கிற நாளில் ஆளுக்கொரு டம்ளர் பால். வெள்ளைப் புகையைப் பால் முறித்துவிடும் என்பது முதலாளியின் அப்பா சொல்லிவிட்டுப் போனது.

பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் புகைக்காகச் சண்டைக்கு வந்ததிலிருந்து ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் வேலை. புகையை வெளியே இழுக்கிற ஃபேனும் சுவரில் இல்லை. முதலாளி அறையில் சாம்பிராணிப் புகை தங்குகிறதாம், அங்கே போய்விட்டது. ஜெபக்கனி கேட்கும்போதெல்லாம் பால்தான் வந்தது.

அன்று மதியமும் வந்தது. கொம்பையா டம்ளரைப் பிடித்தபடி குடிக்காமல் நின்றார்.

"என்னண்ணே, சூடா?"

"நேத்தும் குடிச்சேன் மேஸ்திரி. சாயங்காலம் ஒரே குளிரு. பல்லு கிட்டுது. ரெண்டு போர்வை போட்டும் நிக்கல. விடிஞ்சா ஒண்ணுமில்ல. ஜி.ஐ. பைப் அடிக்கிற அன்னைக்கெல்லாம் இப்படித்தான்."

"நான் குடுத்த மாஸ்க் எங்க?"

"ஆணியில தொங்குது. மூச்சு முட்டுதும்மா. அதான் பால் குடிக்கிறோமே... குடிச்சும் ஏன் காய்ச்சல் வருது?"

ஜெபக்கனி டம்ளரை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். கொம்பையா பின்னாலேயே ஓடினார்.

"முதலாளி, அண்ணனுக்குக் காய்ச்சல். ஃபேனைத் திருப்பிக் குடுங்க."

"அதான் பால் தர்றேனேம்மா! எங்கப்பா காலத்துல இருந்து எத்தனை பேரு குடிச்சிருக்கான்."

"அவங்க இருக்காங்களா?"

"வாயப் பாரு!"

"சரி. நீங்களே இந்தப் பாலோட உள்ள வந்து உக்காருங்க. ரெண்டு வெல்டிங் ராடு எரியிற நேரந்தான். சுவரைப் பாத்துத் திரும்பிக்கிடுங்க, கண்ணு கூசாது."

"நான் பாக்காத பட்டறையா?" முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, நீங்க வெளிய போங்க."

அவள் தன் மாஸ்க்கை இறுக்கிக்கொண்டாள். ஷட்டர் இறங்கியது.

கொம்பையா தெருவில் நின்றார். உள்ளே சர்ரென்று ராடு பொரிந்தது. இருமல். "ஏய், போதும்மா!" மறுபடி இருமல். முதல் ராடு முடிவதற்குள் ஷட்டரை உள்ளேயிருந்து இரண்டு கைகள் அறைந்தன. கொம்பையா தூக்கிவிட்டார்.

முதலாளி தோள்துண்டால் மூக்கைப் பொத்தியபடி வெளியே வந்தார். பின்னால் ஜெபக்கனி, கையில் டம்ளர். பாலின்மேல் வெள்ளைத் தூசி பஞ்சுபஞ்சாக மிதந்தது.

"ஒரு வாய்கூடக் குடிக்கலையே முதலாளி. குடிச்சிட்டு வாங்க. இன்னொரு ராடு பாக்கி."

அவர் டம்ளரைப் பார்த்தார். கை நீட்டவில்லை.

"ஃபேனைக் கழட்டிக்கிட்டுப் போங்க," என்றார். யார் முகத்தையும் பார்க்காமல் அறைக்குள் போய்விட்டார்.

கொம்பையா ஆணியிலிருந்த மாஸ்க்கை எடுத்துத் தூசி தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப இத்தனை நாளா எதுக்கு மேஸ்திரி பால் குடுத்தாங்க?"

ஜெபக்கனி பாலைச் சாக்கடையில் கொட்டினாள்.

"இதை நீங்க கேக்காம இருக்கத்தான்."