காத்தாடிக்கு முன்னால் நின்றவர்

மாசானத்துக்கு அறுபது வயதைத் தாண்டிய பிறகுதான் குரு வாய்த்தார். குரு அவரைவிட மிகவும் இளையவர். பெயர் நளாயினி.

செம்மண் காட்டுக்கு நடுவில் பழைய ஓடுதளம் ஒன்று. அதன் ஓரத்தில் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் துணி போர்த்திய இறக்கைகளோடு ஒரு சின்ன விமானம் நின்றது. இரண்டு பேர் உட்காரலாம். நளாயினியின் அப்பா கேப்டன் தாமோதரன் விட்டுப்போனது. மகள் அதை ஓட்டினார், பழுதும் பார்த்தார். எஞ்சின் வேலை சொல்லித் தர வேண்டும் என்று மாசானம் வந்து நின்றபோது, இந்த வயதில் எதற்கு என்று நளாயினி கேட்கவில்லை. ஒரு ஸ்பானரை எடுத்துக் கையில் கொடுத்தார்.

மாசானம் அந்த இடத்துக்குப் புதியவர் இல்லை. கேப்டன் காலத்திலிருந்தே விமானத்தின் மூக்குக்கு முன்னால் நின்று புரொப்பல்லரைக் கையால் சுற்றிவிட்டவர். காத்தாடி என்றுதான் அதைச் சொல்வார். "சுவிட்ச் ஆஃப்" என்று கேப்டன் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். மாசானம் காத்தாடியை மெதுவாகச் சுற்றி எஞ்சினுக்குள் பெட்ரோலை இழுத்து வைப்பார். கேப்டன் சுவிட்சைப் போட்டு "காண்டாக்ட்!" என்றதும் ஓங்கி ஓர் இழுப்பு. இழுத்த வேகத்திலேயே விலகிக்கொள்வார். எஞ்சின் பிடித்துக்கொள்ளும். விமானம் போய்விடும். புழுதி மட்டும் அவரிடம் வரும்.

"அடுத்த வாரம் உன்னை ஏத்திட்டுப் போறேன், மாசானம்" என்பார் கேப்டன்.

அந்த வாரம் வரவே இல்லை. கேப்டன் இறந்துபோனார்.

நளாயினி ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தார். "ஏறுங்க அண்ணாச்சி, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்."

"சொன்னது உங்கப்பா. அவரே வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

"அப்பா எப்படி வருவார்?"

"அது என் பாடா? சொன்னவரு வரணும்."

அதற்குப் பிறகு நளாயினி கூப்பிடவில்லை.

ஒரு நாள் லாரியில் இன்னொரு எஞ்சின் வந்து இறங்கியது. அதை ஸ்டாண்டில் ஏற்றி, காத்தாடி மாட்டி, வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். மறுநாள் லாரி திரும்பி வரும். வந்தது பிடிக்கவில்லை என்றால் அதையே திருப்பி அனுப்பலாம். பிடித்துவிட்டால் விமானத்திலிருக்கும் பழையது லாரியில் ஏறி ஒரு கல்லூரிக்குப் போய்விடும். அங்கே பிள்ளைகள் பார்ப்பதற்கு வைப்பார்களாம்.

அன்று காலை மாசானம் சாப்பிடாமல் வந்திருந்தார்.

"இதுல எது உசத்தி? நீங்க சொல்லுங்கம்மா."

"ரெண்டும் முன்னாலதான் இருக்கு. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மாசானம் பழைய எஞ்சினிடம் போனார். அதன் நான்கு சிலிண்டரும் தலைகீழாகத் தொங்கின. அடியில் வைத்திருந்த தகரத் தட்டில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒழுகத்தான் செய்யும். மூக்கொழுகாத பிள்ளை எங்க இருக்கு?" என்றார். "பலம் இதுக்குத்தான் கூட."

"ஆமா. எடையும் கூட."

"எடைன்னா என்ன? மூக்கு கனமா இருந்தாத்தான் விமானம் சொன்ன பேச்சைக் கேக்கும். அந்தச் சவலையை மாட்டினா கனம் பத்தாம மூக்கை நீட்டி வச்சுல்லா மாட்டணும்."

"நீட்டத்தான் வேணும்."

"பாக்கச் சகிக்காது. கொக்கு மாதிரி இருக்கும்."

"இருக்கும்" என்றார் நளாயினி.

மாசானம் வேப்பமரத்தடிக்கு வந்தார். புதிய எஞ்சினில் சிலிண்டர்கள் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று படுத்திருந்தன. கீழே ஒரு சொட்டு ஆயில் இல்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"என்னமா காலை நீட்டிப் படுத்திருக்கு பாருங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி."

காத்தாடிக்கு முன்னால் போய் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். காலை ஊன்றி ஓர் இழுப்பு இழுத்தார். கிளம்பும் எஞ்சின் உள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். இது கொடுக்கவில்லை. மறுபடி இழுத்தார். மூன்றாம் தடவையும் இழுத்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது.

"செத்த எஞ்சின், அம்மா. உங்களை எவனோ நல்லா ஏமாத்திட்டான்."

"எந்தப் பக்கம் இழுத்தீங்க?"

"எப்பவும் இழுக்கிற பக்கந்தான்."

"இது எதிர்ப்பக்கம் சுத்துறது, அண்ணாச்சி."

மாசானம் தன் கையைப் பார்த்தார்.

"நகருங்க" என்று சொல்லிவிட்டு நளாயினி ஸ்டாண்டில் இருந்த பட்டனை அமுக்கினார். எஞ்சின் லேசாக இருமியது. பிறகு சீராக ஓடியது. காத்தாடிக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

எஞ்சின் நின்றதும் மாசானம் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பழசே இருக்கட்டும்மா. அதுதான் உசத்தி."

"சரி. புதுசை ஓட்டிப் பாத்தாச்சு. பழசையும் ஓட்டிப் பாத்து முடிவு பண்ணுவோம். நீங்க உள்ள உக்காந்து மீட்டரைப் பாத்துச் சொல்லுங்க. நான் சுத்துறேன்."

"நான் ஏற மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல?"

"இது பறக்கிறது இல்லையே. சக்கரத்துக்குக் கட்டை வச்சிருக்கு. வாலைக் கயித்துல கட்டிடலாம். ஆயில் பிரஷர் எவ்வளவு, நிமிஷத்துக்குச் சுத்து எவ்வளவு, ரெண்டு முள்ளைப் பாத்தாப் போதும்."

இரண்டு பேரும் விமானத்தை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாலைக் கட்டினார்கள். சுவிட்சை எப்படிப் போடுவது, எப்படி அணைப்பது என்று நளாயினி காட்டிக் கொடுத்தார். மாசானம் செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஏறினார்.

"எதுக்குச் செருப்பைக் கழட்டுறீங்க?"

"இருக்கட்டும்."

நளாயினி முன்னால் போய் நின்றார். பெட்ரோலை இழுத்து வைத்தார். பிறகு கையைக் காத்தாடியின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை.

"சொல்லுங்க, அண்ணாச்சி!"

மாசானத்துக்கு அது காலமெல்லாம் காதால் கேட்ட சொல். வாயால் சொன்னதில்லை.

சுவிட்சைப் போட்டு, "காண்டாக்ட்" என்றார்.

ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

விமானம் நடுங்கியது. கட்டையை முட்டியது. கயிறு விறைத்தது. வாலைத் தரையில் ஊன்றி நிற்கும் விமானம் அது; மூக்கு மேல்நோக்கி இருக்கும். இத்தனை காலம் முன்னால் நின்றவருக்குத் தெரிந்தது உட்கார்ந்திருப்பவரின் முகம்தான். இப்போது காத்தாடி சுற்றும் வேகத்தில் கண்ணுக்கு மறைந்துபோயிருந்தது. அதற்குப் பின்னால் வானம் இருந்தது.

நளாயினி பக்கவாட்டில் வந்து நின்று, அணைத்துவிடும்படி கை காட்டினார். மாசானம் பார்க்கவில்லை. இன்னொரு முறை காட்டினார். அப்போதும் பார்க்கவில்லை. அவர் வாய் மட்டும் எதையோ கத்திக்கொண்டிருந்தது. நளாயினி இறக்கையின் பின்பக்கமாகச் சுற்றி வந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"கட்டையை எடுங்கம்மா! கட்டையை எடுங்க!"

நளாயினி கையை உள்ளே விட்டு சுவிட்சை அணைத்தார்.

சத்தம் அடங்க நேரமாயிற்று. எங்கோ ஆடு கத்தியது கேட்டது.

"ஆயில் பிரஷர் எவ்வளவு?"

மாசானம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்து எவ்வளவு காட்டுச்சு?"

மாசானம் முதல் தடவையாக மீட்டரைப் பார்த்தார். எல்லா முள்ளும் கீழே விழுந்து கிடந்தன.

"பாக்க மறந்துட்டேன்மா."

"பரவாயில்லை. புதுசையே மாட்டிடலாம்."

மாசானம் இறங்கவில்லை. இருக்கையின் விளிம்பைப் பிடித்திருந்தார்.

"அதுக்குப் பலம் குறைச்சல்னு நீங்களும் ஒத்துக்கிட்டீங்கல்லா?"

"ஆமா."

"கொக்கு மாதிரி இருக்கும்."

"ஆமா."

"பட்டனை அமுக்கினா அது பாட்டுக்கு ஓடும்." அவர் குரல் இறங்கியது. "அப்ப நான் எங்க நிக்கது?"

நளாயினி கீழே கிடந்த செருப்பை எடுத்துக் கொட்டகைச் சுவரோரமாக வைத்துவிட்டு வந்தார்.

"நின்னது போதாதா, அண்ணாச்சி?"