தந்தை பெயருக்கான கட்டம்

"முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கேன் மேடம். இன்னும் அதுக்குப் புத்தி வரல" என்றார் தனுஷ்கோடி.

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள்.

அவளுக்கு முப்பத்தொன்று, அவருக்கு ஐம்பத்தாறு. கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் மென்பொருள் ஒன்றைச் சிவகாசியில் அவள் உருவாக்கியிருந்தாள். அதை இனி ஆள் இயக்கப் போவதில்லை, ஏஐ ஏஜென்ட் என்னும் செயற்கை நுண்ணறிவு நிரல் இயக்கும். அந்த ஏஜென்ட் படித்துத் தெரிந்துகொள்ளக் கையேடு எழுதுவது தனுஷ்கோடியின் வேலை.

அலுவலகத்தில் எஸ்தருக்குக் குருவம்மா என்று பெயர். அவளிடம் சந்தேகம் கேட்டால் பதில் கிடைக்காது. வேலைதான் கிடைக்கும்.

நடந்தது இதுதான். இட்லிக் கடை வைத்திருக்கும் பேச்சியம்மாள் மகளுக்குக் கல்யாணம். ஒற்றை ஆளாக வளர்த்த மகள். அவர் எழுதிக் கொடுத்த விவரத்தில் மணமகளின் தந்தை பெயர் இல்லை. ஏஜென்ட் அந்தக் கட்டத்தில் 'சிதம்பரநாதன்' என்று போட்டுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. ஐந்நூறு பத்திரிகை அச்சாகிவிட்டது.

யார் இந்தச் சிதம்பரநாதன்? கையேட்டில் மாதிரிப் பத்திரிகைக்காகத் தனுஷ்கோடி தன் சொந்தக் கற்பனையில் பெற்றுப்போட்ட ஆள்.

பேச்சியம்மாள் சத்தம் போடவில்லை. பத்திரிகைக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா நின்றார். அதைத்தான் தனுஷ்கோடியால் தாங்க முடியவில்லை. இரண்டு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புதிய பத்திரிகையைப் பார்க்க இன்று சாயங்காலம் அந்த அம்மா வருகிறார். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. இன்னொரு முறை தப்பானால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

அதனால் இன்னும் முப்பது பக்கம் சேர்க்கப் போவதாக அவர் சொன்னார். தந்தை இறந்திருந்தால் என்ன செய்வது, விட்டுப் போயிருந்தால் என்ன செய்வது, மனஸ்தாபத்தில் இருந்தால் என்ன செய்வது என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது.

எஸ்தர் இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தாள். ஊழியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பம்.

"இது என்னோடது. நீங்களே நிரப்பிக் குடுங்க அண்ணாச்சி."

தலை போகிற அவசரத்தில் வந்து நிற்பவனிடம் கொடுக்கிற வேலையா இது என்று அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பேனாவை எடுத்தார். பெயர் எழுதினார். அலுவலக முகவரி எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"உங்க ரத்த வகை என்ன மேடம்?"

எஸ்தர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொன்னாத்தானே எழுத முடியும்?"

"எதையாவது போடுங்க. கட்டம் காலியா இருக்கக் கூடாதுல்ல?"

"அதெப்படிப் போட முடியும்? தெரியலைன்னா கேட்டுத்தானே எழுதணும்?"

எஸ்தர் கையேட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப சொன்னீங்களே, அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

தனுஷ்கோடி புரட்டினார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில், தடித்த எழுத்தில், 'எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது' என்று அவரே எழுதியிருந்தார். தெரியாவிட்டால் கேட்க வேண்டும் என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை.

அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முப்பது பக்கத்துக்கான பட்டியல் குப்பைக்கூடைக்குப் போனது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பழைய வரியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். 'தெரியாததை நிரப்பாதே. நிறுத்திவிட்டு உரியவரிடம் கேள்.'

சாயங்காலம் பேச்சியம்மாள் வந்தார். ஏஜென்ட் வேலையை ஆரம்பித்தது. முகூர்த்த நேரம், மண்டபம், மாப்பிள்ளை வீட்டார் பெயர்கள் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. பாதியில் நின்றுவிட்டது.

திரையில் ஒரு கேள்வி வந்திருந்தது.

'மணமகளின் தந்தை பெயர் தரப்படவில்லை. இந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?'

தனுஷ்கோடி திரையைப் பேச்சியம்மாள் பக்கம் திருப்பினார். அவர் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, எங்க போனாலும் அவங்களாவே அந்த இடத்துல ஒரு கோடு போட்டு விட்டுருவாங்க" என்றார். "என்ன வேணும்னு கேட்டது இதுதான்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எம் பேரை மட்டும் போடுங்கண்ணாச்சி. கொஞ்சம் பெருசா."