வெட்டுப் பாட்டுக்கு வந்த தடை

ரொம்ப காலத்துக்கு முன்னே செம்மணல் நாட்டைத் திருவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் ஒரு கட்டளை போடுவார், மாலையில் அதற்கு நேர்மாறாய் இன்னொன்று.

அந்த நாட்டு வெள்ளிக்கிழமைச் சாயங்காலங்களை இப்போது நினைத்தாலும் மனசு இனிக்கும். சந்தை கலைந்ததும் ஜனங்கள் சாக்கை விரித்து உட்காருவார்கள். வில்லுப்பாட்டுக்காரர் பேச்சிமுத்து வில்லைத் தட்டி, கருவேலங்காட்டு வீரன் கதையை எடுப்பார். தலைகள் உருளும், ரத்தம் ஆறாய் ஓடும். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுண்டலைக் கொறித்தபடி வீட்டுக்குப் போவார்கள்.

ஒரு கோடையில் ஏரி மடையில் அடிதடி நடந்து சில மண்டைகள் உடைந்தன. ஏரியைக் கவனிக்கும் பிரம்மராயர் அரசவைக்கு ஓடிவந்தார். மந்திரி குழைக்காதர்மேல் அவருக்குத் தீராத பொறாமை. மந்திரிக்குப் பேச்சிமுத்துவின் பாட்டென்றால் உயிர் என்பதும் தெரியும்.

"அரசே, அந்த வெட்டுப் பாட்டைக் கேட்டுத்தான் ஜனங்கள் கெட்டுப்போகிறார்கள்!"

"அப்படியா? இன்றோடு அந்தப் பாட்டை நிறுத்து!" என்றார் ராஜா.

சந்தை ஊமையாகிவிட்டது. மடையில் மட்டும் அடிதடி ஓயவில்லை.

"என்ன பிரம்மராயரே, பாட்டுதான் நின்றுவிட்டதே?"

"பழைய பாட்டு இன்னும் அவர்கள் காதில் இருக்கிறது அரசே. பாடினவனையே நாடு கடத்துங்கள்!"

ராஜா தலையாட்டிவிட்டார். குழைக்காதர் எழுந்தார். "ஆகட்டும் அரசே. போகும்முன் இந்தச் சபையில் ஒருமுறை பாடிவிட்டுப் போகட்டும்."

மறுநாள் காலையில் பேச்சிமுத்து சபை நடுவே வில்லைத் தட்டினார். பாட்டு ஏறியது. வீரன் ஒரு படையையே வெட்டிச் சாய்த்தான். தளபதி தேம்பினார். பிரம்மராயரே தன்னை மறந்து தொடையில் தாளம் போட்டார். பாட்டு முடிந்தது. யாரும் யார்மேலும் கைவைக்கவில்லை.

சபை அமைதியானதும் மந்திரி மெல்லச் சொன்னார்: "அரசே, இனி ஏரித் தண்ணீர் முதலில் கடைமடை ஏழைகளுக்குப் போகட்டும். பிரம்மராயர் வயலுக்குக் கடைசியில் பாயட்டும்."

"என்ன சொன்னாய்?" என்று பிரம்மராயர் பாய்ந்து வந்து மந்திரியின் சால்வையைப் பிடித்தார். இன்னொரு கை உறைவாளை உருவிவிட்டது.

மந்திரி அசையவில்லை. "அரசே, பாட்டு முடியும்வரை தாளம் போட்டவர், தண்ணீர் என்றதும் வாளை உருவிவிட்டார். இப்போது பாடியது யார்?"

சபையே சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை.

"முதல் தண்ணீர் போய்விடும் என்றதும் இந்தக் கோபமா பிரம்மராயரே? அப்போ இத்தனை நாளும் உம் வயலுக்கே தண்ணீரைத் திருப்பிவிட்டுப் பழியைப் பாட்டின்மேல் போட்டிருக்கிறீர். கடைசி வயல் நனையும்வரை மண்வெட்டியோடு மடையில் நில்லும்!" என்றார். பிறகு மந்திரியிடம், "அப்படியானால் பாட்டு மனுஷனை ஒன்றுமே செய்யாதா?" என்று கேட்டார்.

"செய்யும் அரசே. அழவைக்கும், பதறவைக்கும். ஆனால் காய்ந்த வயலைக் காட்டிலும் கோபமூட்டும் பாட்டை இதுவரை யாரும் கட்டவில்லை."

ராஜா தம் முத்துமாலையைப் பேச்சிமுத்துவின் வில்லில் மாட்டினார். மந்திரிக்குத் தம் பக்கத்திலேயே ஆசனம் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ராஜாவும் சந்தையில் சாக்கின்மேல் வந்து உட்கார்ந்தார். "சின்ன வயசில் என் அப்பா தோளில் உட்கார்ந்து கேட்ட பாட்டு, மந்திரி. தலை உருளும் இடம் வரும்போது தூங்கிவிடுவேன்" என்றார்.

அன்றும் அந்த இடத்தில் தூங்கிப்போனார். பேச்சிமுத்து அதைப் பார்த்தார். வீரன் மிச்சமிருந்த எதிரிகளையெல்லாம் சத்தமில்லாமல், மெதுவாக, தாலாட்டு மாதிரி வெட்டி முடித்தான்.